அந்த ஐம்பது மைக்ரான்

கேஸ் டர்பைன் பிளேடுகளைப் பழுதுபார்க்கும் பணிமனை ஒன்றில், ஓடித் திரும்பிவரும் பிளேடுகளின் வெப்பத்தடுப்புப் பூச்சைச் சோதிப்பது என் வேலை. நிக்கல் உலோகக் கலவையின் மேல் இட்ரியா சேர்த்த சிர்கோனியா என்ற பீங்கான். எங்களிடம் வந்தவற்றில் அதன் தடிமன் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. உள்ளே ஓடும் குளிர்காற்றோடு சேர்ந்து அந்த உலோகத்தைக் காப்பது அதுதான்.

புதுப் பூச்சில் நுண்துளைகள் நிறைய இருக்கும். சூட்டில் ஓட ஓட அவை அடைபட்டுப் பூச்சு இறுகும், வெப்பம் எளிதாகக் கடக்கும். 1961 முதல் வழக்கில் உள்ள ஃபிளாஷ் முறையில் இதை அளக்க வட்டமாக ஒரு துண்டு வெட்ட வேண்டும். வெட்டினால் பிளேடு போயிற்று. கூடவே பூசிவைத்த சாம்பிள் தகடு உண்டு. ஆனால் அது டர்பைனுக்குள் போனதே இல்லை.

ஆகவே வெட்டாமல், மேற்பரப்பிலிருந்தே அளப்போம். சிர்கோனியா ஒளியை உள்ளே விடும் என்பதால் முதலில் மெல்லிய கருப்பு தெளிக்க வேண்டும். முடிந்ததும் தடமில்லாமல் கழுவ வேண்டும். விளக்கு ஒருமுறை பளிச்சிடும், இன்ஃப்ராரெட் கேமரா மேற்பரப்பு ஆறுவதைப் பதியும். நேரத்துக்கு எதிராக வெப்பநிலையைக் குறிக்கும் லாக் வரைபடத்தில் முதலில் சரிவு மைனஸ் அரை. வெப்பம் உலோகத்தை எட்டியதும் கோடு மடங்கி வேகமாக இறங்கும். 0.3 மி.மீ. பூச்சில் அந்த மடக்கம் நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவில் வந்துவிடும். பூச்சு கழன்ற இடம் மட்டும் ஆறாமல் வெளிச்சமாக நிற்கும். அப்படியொரு புள்ளியை முதன்முதலாகத் திரையில் கண்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

மடக்கம் வரும் நேரத்தையும் பூச்சின் தடிமனையும் கொண்டு, வெப்பம் எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்று காட்டும் வெப்பப் பரவல் எண்ணைக் கணக்கிடுவோம். ஒரு பிளேடின் முன்விளிம்பில் அது நாற்பது சதவீதத்துக்கு மேல் கூடிவந்தது. 'பூச்சு இறுகிவிட்டது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன். உரித்துவிட்டார்கள். ஒவ்வோர் உரிப்பிலும் அடி உலோகமும் கொஞ்சம் தேயும். ஒரு பிளேடு அதைச் சில முறைதான் தாங்கும்.

"தடிமன் எங்கிருந்து எடுத்த, தம்பி?" என்றார் மூத்தவர்.

"டிராயிங்ல இருந்துண்ணே."

அதே செட்டில் விரிசலால் ஒதுக்கிய பிளேடை அவர் வெட்டிக் காட்டினார். டிராயிங்கில் 300 மைக்ரான், அதாவது 0.3 மி.மீ. முன்விளிம்பில் இருந்ததோ 250. கணக்கில் தடிமன் வர்க்கமாக வரும்: 300-ஐ 250-ஆல் வகுத்தால் 1.2, அதன் வர்க்கம் 1.44. நான் இறுக்கம் என்று எழுதிய நாற்பது சதவீதம் அதில் அடங்கிவிட்டது. என் பிளேடிலும் அப்படித்தானா என்று பார்க்க, அதில் பூச்சு மிச்சமில்லை.

இப்போது விளக்கைத் தொடுமுன், பூச்சின் தடிமனை வெட்டாமல் அளக்கும் எடி கரன்ட் மீட்டரை எடுக்கிறேன். வளைவில் புரோப் சற்றுச் சாய்ந்தாலும் எண் மாறும். அதே வளைவுள்ள பூசாத பிளேடில் சுழியம் வைத்துவிட்டு, ஒவ்வொரு புள்ளியிலும் ஐந்து முறை எடுத்து, கையால் எழுதிவைக்கிறேன்.