சப்ஜெக்ட் ஹெடிங் போடக் கத்துக்கிட்ட ஆறு மாசம்

பி.லிப்ங்கற நூலகப் படிப்ப முடிச்சுட்டு காலேஜ் லைப்ரரில சேர்ந்தப்போ கேட்டலாகிங், அதாவது புத்தகத்த வகை பிரிச்சு பட்டியல்ல பதியற வேலை, நல்லா வரும்னுதான் நெனச்சிருந்தேன். பிராக்டிகல் எக்ஸாம்ல டைட்டில் பேஜ் விவரம் மட்டும் ஒரு தாள்ல அடிச்சுக் குடுப்பாங்க, அத வச்சு டியூவி நம்பர் (புத்தகம் எந்த வகைனு சொல்ற எண்) போட்டு, செயர்ஸ் லிஸ்ட்ங்கற பட்டியல்ல இருந்து ஒரு சப்ஜெக்ட் ஹெடிங், அதாவது புத்தகம் எதப் பத்தினு சொல்ற தலைப்பு, எடுத்து எழுதினா மார்க் வந்துரும், புத்தகத்தையே கண்ணால பாக்க வேண்டியதில்ல. வேலைக்கு வந்த பிறகுதான் அது எவ்ளோ பெரிய குறைனு புரிஞ்சுது.

அமெரிக்காவோட லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் நூலகத்துக்குன்னு தனி சப்ஜெக்ட் ஹெடிங் பட்டியல் இருக்கு, அத வச்சு ஹெடிங் போடறதுக்குன்னே அவங்களே இலவசமா ஆன்லைன் பாடம் வச்சிருக்காங்க, வீடியோ, ஸ்லைடு, பயிற்சி எல்லாம் இருக்கு. அத தினமும் ராத்திரி ஒரு மணி நேரம் பாப்பேன். போட்டுப் பாத்தத சனிக்கிழமை எங்க சீனியர் லைப்ரரியன் அக்காகிட்ட காட்டுவேன், அவங்க இதுல இருபது வருஷமா இருக்காங்க.

மொத மாசமே வால்பாறை பத்தி ஒரு புத்தகம் கைக்கு வந்துச்சு. தலைப்புல தேயிலைனு இருந்துச்சு, நானும் 'டீ'னு ஹெடிங் போட்டு 633.72 குடுத்துட்டேன். அக்கா புத்தகத்த வாங்கி பொருளடக்கத்தப் பாத்தாங்க, முன்னுரைய படிச்சாங்க, ரெண்டு அத்தியாயத்தப் புரட்டினாங்க, அப்புறம் "இதுல தேயிலை எப்படி வளக்கறதுனு ஒரு பக்கமாவது இருக்கா தம்பி?"ன்னு கேட்டாங்க. இல்லவே இல்ல. பெரும்பாலும் எஸ்டேட் தொழிலாளிங்க வாழ்க்கை, கூலி, அவங்க குடியிருக்கற லயன் வீடு. அது 331-ல, தொழிலாளர் பக்கம் போக வேண்டியது. அக்ரி புத்தகங்களுக்கு நடுவுல அது இருந்தா, அந்த மக்களப் பத்தி ஆராய்ச்சி பண்ற பிள்ளைக்கு எப்படிக் கெடைக்கும்? அன்னைக்கு நைட் தூக்கமே வரல.

சரி, 'டீ பிளான்டேஷன் ஒர்க்கர்ஸ்'னு மாத்தினேன், ஊரு சேக்கும்போது இந்தியா, தமிழ்நாடு, வால்பாறைன்னு வரிசையா அடிச்சேன். அதுவும் தப்பு. ஊர் பேர துணைப்பிரிவா போடும்போது ரெண்டு படிக்கு மேல போகக் கூடாது, இந்தியாவுக்கு அப்புறம் நேரா வால்பாறைதான், மாநிலம் நடுவுல வராது. அமெரிக்கா, கனடா, பிரிட்டன் மாதிரி சில நாடுகளுக்கு மட்டும் வேற முறை. நம்ம ஆளுங்க மாநிலம் இல்லாம தேட மாட்டாங்களேன்னு எனக்கு இன்னைக்கும் ஒரு வருத்தம் இருக்கு, ஆனா விதிய விதியாதான் போடணும், ஆளுக்கொரு மாதிரி போட்டா கேட்டலாக்கே கலைஞ்சு போயிரும்.

எனக்கு ரொம்ப உதவினது 20 சதவீத விதி. புத்தகத்துல கொறஞ்சது 20 சதவீதமாவது இருக்கற விஷயத்துக்குத்தான் தனி ஹெடிங். இந்த வால்பாறை புத்தகம் 240 பக்கம், யானை ஊருக்குள்ள வர்றதப் பத்தி மட்டும் 60 பக்கம், அதனால யானைக்குத் தனி ஹெடிங் உண்டு. வெள்ளைக்காரன் காலத்து கதை 12 பக்கம்தான், அதுக்குக் கெடையாது. இப்படிக் கணக்குப் போட ஆரம்பிச்ச பிறகு தடுமாற்றம் பாதி போயிருச்சு.

கோஹாங்கற லைப்ரரி சாஃப்ட்வேர்ல 650 டேக் (சப்ஜெக்ட் ஹெடிங் போடற கட்டம்) அடிக்கும்போது ரெண்டாவது இண்டிகேட்டர, அதாவது ஹெடிங் எந்தப் பட்டியல்ல இருந்து வந்துச்சுனு காட்டற எண்ண, மறந்துறாதீங்க. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் ஹெடிங்னா 0. நான் மூணு வாரம் காலியா விட்டு அடிச்சு, அப்புறம் ஒவ்வொரு ரெக்கார்டா திறந்து திருத்தினேன்.

ஆறாவது மாசம் அந்த வால்பாறை புத்தகத்தோட பழைய லேபிள உரிச்சு 331 ஒட்டி, தொழிலாளர் ரேக்குல நானே கொண்டு போய் வச்சேன்.