தனுஷ்கோடிக்கு ஒரு 10 மி.மீ. லென்ஸ்

முதல் முறை தனுஷ்கோடி போனபோது என்னிடம் இருந்தது கேமராவோடு வந்த 18-55 கிட் லென்ஸ் மட்டும்தான். 1964 டிசம்பர் புயலில் சிதைந்த சர்ச்சின் எதிரே நின்று பார்க்கிறேன். சுவர் முழுசாக வந்தால் வானம் வரவில்லை, வானம் வந்தால் வாசல் வெட்டுப்படுகிறது. பின்னால் நகர்ந்தேன். சங்குக் கடைகளும் நிறுத்தியிருந்த வேன்களும் குறுக்கே வந்துவிட்டன. அன்றைக்கே முடிவு செய்தேன், அடுத்த முறை அகலமான காட்சியை அடக்கும் வைடு லென்ஸ் இல்லாமல் இங்கே வருவதில்லை.

கையில் இருந்த பணத்துக்கு எது சரி என்று யோசிக்கவே இரண்டு மாதம் ஆனது. லென்ஸின் மி.மீ. எண் குறையக் குறையக் காட்சி அகலமாகும். என்னுடையது கேனான் கிராப் சென்சார் கேமரா, அதாவது படம் பதியும் சென்சார் சின்னது. அதில் 18 மி.மீ. என்பது பெரிய சென்சார் உள்ள ஃபுல் ஃப்ரேம் கேமராவின் 29 மி.மீ. அளவுக்குத்தான் காட்டும். 10 மி.மீ. போனால் 16-க்கு இணை. 18-க்கும் 10-க்கும் எண்ணில் எட்டுதான் வித்தியாசம், ஆனால் கண்ணுக்கு அது வேறு உலகம்.

டோக்கினா 11-20 லென்ஸ் மேல் ஆசை இருந்தது. எஃப் 2.8, அதாவது லென்ஸின் வாய் பெரிதாகத் திறக்கும், இருட்டிலும் எடுக்கலாம், நட்சத்திரம் எடுக்கலாம் என்று நண்பர்கள் சொன்னார்கள். ஆனால் அரை கிலோவுக்கு மேல் எடை, விலையும் அதிகம். தனுஷ்கோடியில் இருட்டிய பிறகு தங்க விடுவதில்லை. அப்புறம் எந்த நட்சத்திரத்துக்கு அந்தக் காசு? நிலக்காட்சி எடுக்கிறவர்கள் பெரும்பாலும் வாயைச் சுருக்கி எஃப் 8, எஃப் 11-இல்தான் எடுக்கிறோம். அந்த இடத்தில் விலை குறைந்த லென்ஸும் நன்றாகவே தெளிவு தருகிறது. அதனால் 2014-இல் வந்த கேனான் 10-18-ஐப் பழையதாக வாங்கினேன். எடை 240 கிராம்தான். கேமராவில் மாட்டும் மவுண்ட் பிளாஸ்டிக், உண்மைதான், ஆனால் இவ்வளவு எடை குறைந்த லென்ஸுக்கு அது போதும். மிச்சமான பணத்தில் உறுதியான ஒரு ட்ரைபாட் வாங்கினேன். கடற்காற்றில் நிற்கும்போது அதன் அருமை தெரிகிறது.

பழைய லென்ஸ் வாங்குகிறவர்கள் டார்ச் இல்லாமல் கடைக்குப் போகாதீர்கள். நான் முதலில் பார்த்த லென்ஸ் வெளியே புதுசு போல மின்னியது. பின்பக்கம் வெளிச்சம் அடித்துப் பார்த்தால் உள்ளே சிலந்தி நூல் மாதிரி ஃபங்கஸ், அதாவது பூஞ்சை. நம் ஊர் ஈரக்காற்றுக்கு அது சீக்கிரம் பிடித்துவிடும். இரண்டாவது லென்ஸை ஒரு செங்கல் சுவருக்கு நேராக வைத்து எடுத்து, நான்கு மூலைகளையும் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு மூலை மட்டும் மங்கலாக இருந்தால் உள்ளே கண்ணாடி விலகியிருக்கிறது என்று அர்த்தம். இதில் நான்கும் ஒரே மாதிரி இருந்தது, வாங்கிவிட்டேன். நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு ஏ.எஃப்-பி 10-20 லென்ஸ் இதே ரகம். ஆனால் டி3100, டி5100 போன்ற பழைய கேமராக்களில் அது ஃபோகஸே ஆகாது. விசாரித்துவிட்டு வாங்குங்கள்.

சரி, லென்ஸோடு மறுபடி கிளம்பினேன். பாம்பன் சாலைப் பாலத்தில் இறங்கி முதல் படம். பார்த்ததும் மனசு சுருங்கிவிட்டது. அவ்வளவு பெரிய ரயில் பாலம் கடலில் கிடக்கும் ஒரு நூல் மாதிரி தெரிந்தது. கிட் லென்ஸை மாட்டி 55-இல் எடுத்த படம்தான் அங்கே நின்றது. தூரத்தில் இருப்பதை வைடு லென்ஸ் இன்னும் தூரமாக்கிவிடும்.

சர்ச்சிலும் முதல் அரை மணி நேரம் அப்படியேதான் போனது. சுவர் முழுசாக வந்தது, வானமும் வந்தது, முன்னால் வெறும் மணல் பாதிப் படத்தைத் தின்றுவிட்டது. கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினாலே பவளக்கல் சுவர்கள் பின்பக்கம் சாய்ந்தன. வெயிலுக்கு ஒதுங்கி நின்றிருந்த ஆட்டோக்காரர் சொன்னார்: "தம்பி, எல்லாரும் நின்னுக்கிட்டே எடுக்குறாங்க. அந்தக் கொடிக்கிட்ட உக்காந்து பாருங்க, பூ பூத்திருக்கு."

அடம்பங்கொடி. ஆட்டுக் குளம்பு மாதிரி பிளந்த இலை, ஊதாப் பூ. மணலில் முழங்கால் போட்டு உட்கார்ந்தேன். இந்த லென்ஸ் பூவுக்கு அரைச் சாண் தூரம் வரை ஃபோகஸ் ஆகும். ஆனால் அவ்வளவு நெருங்கினால் சர்ச் மங்கிவிடுகிறது. ஒன்றரை அடி தள்ளி, எஃப் 11 வைத்து, மூன்றடி தூரத்தில் ஃபோகஸ் பண்ணினேன். பூவின் நரம்பும் தெரிந்தது, சுவரின் ஓட்டைகளும் தெரிந்தன. கொடி மணலில் ஓடி நேராக வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனது. முன்னால் எதையாவது பக்கத்தில் வைக்கத்தான் இந்த லென்ஸ் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

அப்புறம் தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை வரை தரையைப் பார்த்தே நடந்தேன். ஒரு பக்கம் அமைதியான பெண்கடல், மறுபக்கம் குமுறும் ஆண்கடல் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள். பெண்கடல் ஓரம் ஈர மணலில் விழுந்த வரிகளை எடுத்தேன். பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் போட்ட இரண்டு படங்களில் வானம் ஒரு பக்கம் மட்டும் கருநீலமாகித் திட்டுத் திட்டாகிவிட்டது, கழற்றிவிட்டேன்.

ராமேஸ்வரம் அறைக்கு வந்தபோது முன் கண்ணாடியில் உப்பு வெள்ளையாகப் படிந்திருந்தது. உடனே துணியால் தேய்க்கவில்லை. ஊதுபந்தால் மணலைத் தள்ளிவிட்டு, ஈரத் துணியால் மெதுவாக ஒற்றி எடுத்தேன். ஜூம் வளையத்தில் மட்டும் ஒரு துகள் மாட்டிக்கொண்டு கரகரவென்றது. மெல்லிய பிரஷை வைத்துக்கொண்டு ராத்திரி பத்து மணி வரை அதோடு உட்கார்ந்திருந்தேன்.