"சிஸ்டர், ஒரு நிமிஷம்!"

மூத்தவன் பிறந்தபோது அழுகைச் சத்தம் கேட்ட கையோடு தொப்புள்கொடியை வெட்டிவிட்டார்கள். அதில் நாம் கேட்பதற்கு ஒன்று இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது. ஒரு வயதில் அவனுக்கு ரத்தச்சோகை. இரும்புச்சத்து சொட்டு மருந்தோடு நான் பட்ட பாடு தனிக்கதை. இரண்டுக்கும் முடிச்சுப் போட முடியாதுதான். ஆனாலும் மனசில் உறுத்தல் இருந்தது.

இரண்டாவது முறை, கொடியை வெட்டும் முன் கொஞ்சம் காத்திருக்க முடியுமா என்று ஏழாம் மாதமே டாக்டரிடம் கேட்டேன். பிறந்த பிறகும் குழந்தையின் ரத்தத்தில் ஒரு பங்கு நஞ்சுக்கொடியில் நிற்குமாம். முதல் நிமிடத்தில் சுமார் 80 மில்லி, மூன்று நிமிடத்துக்குள் 100 மில்லி வரை குழந்தைக்கு வந்து சேருமாம். உலக சுகாதார நிறுவனம் காத்திருக்கச் சொல்வதும் ஒன்றிலிருந்து மூன்று நிமிடம்தான். "ஆனா குழந்தை மூச்சு விடலைன்னா காத்திருக்க மாட்டேன்" என்றார். சரி என்றேன். தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கச் சொல்லி வந்தவரிடம் வேண்டாமென்று சொல்லிவிட்டேன். காத்திருந்தால் அவர் பையில் சேரும் ரத்தம் குறையும்.

வலி வந்தது நள்ளிரவில். எங்கள் டாக்டர் ஊரில் இல்லை. டூட்டி டாக்டருக்கு நாங்கள் பேசி வைத்தது எதுவும் தெரியாது. ஃபைலில் எழுதியிருந்ததை யாரும் புரட்டவில்லை. குழந்தை வந்து வீல் என்று கத்தியதும் சிஸ்டர் கையில் கொடியை இறுக்கும் கிளாம்ப். "சிஸ்டர், ஒரு நிமிஷம்!" என்று அலறினேன். வலியில் கத்துகிறேன் என்று நினைத்திருப்பார். டூட்டி டாக்டருக்குப் புரிந்துவிட்டது. "இருக்கட்டும், விடுங்க" என்றார்.

குழந்தையைத் துடைத்து என் வயிற்றின் மேல் போட்டு, துணியால் மூடினார்கள். எனக்குத் தொடையில், ரத்தப்போக்கு அதிகமாகாமல் இருக்கப் போடும் வழக்கமான ஊசி. கொடியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார் டாக்டர். விரல் தடிமனில், நீலம் பாரித்து, முறுக்கிய கயிறு போல. உள்ளே நாடி துடித்தது. கொஞ்சம் கொஞ்சமாகத் துடிப்பு அடங்கி, கொடி வெளுத்துத் துவண்டது. அப்புறம்தான் வெட்டினார்கள்.

இப்படிக் காத்திருந்தால் மஞ்சள் காமாலைக்கு லைட்டில் வைக்க வேண்டிய வாய்ப்பு சற்றுக் கூடும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் பரிசோதித்தார்கள், லைட் தேவைப்படவில்லை.

அத்தைக்கு மட்டும் ஒரு குறை. "ஜாதகத்துக்கு எந்த நேரம்மா? பிறந்ததா, கொடி வெட்டினதா? நடுவுல மூணு நிமிஷம் ஓடிப்போச்சே!"