விளக்கப்பட்டது

"அப்ப உங்களுக்கும் அது இருக்குதுங்களா அம்மணி?" என்று அவர் கேட்டார். "இருக்குங்கண்ணா, எல்லாருக்கும் இருக்கு" என்று நான் சொன்னேன். இந்த இரண்டும் எந்த ஐயமும் இல்லாமல் என் நினைவில் இருக்கின்றன. அதற்கு அடுத்து நான் இன்னொரு வாக்கியமும் சொன்னேன் என்றுதான் ஓராண்டுக்கு மேல் நம்பிக்கொண்டிருந்தேன்.

அவர் குட்டியானை ஓட்டுபவர், ஐம்பதைத் தாண்டியவர். படிக்கும் கண்ணாடி மாற்ற வந்த இடத்தில் கண் அழுத்தம் கூடியிருப்பது தெரிந்து, பார்வை நரம்பைக் கெடுக்கும் கிளாகோமா நோயா என்று பார்க்க, பார்வைப் பரப்பை அளக்கும் ஃபீல்டு டெஸ்ட் எழுதி மருத்துவர் என்னிடம் அனுப்பியிருந்தார். சோதனையில் அவர் சோர்வடையவுமில்லை, அவசரப்படவுமில்லை. நடுவில் இருக்கும் மஞ்சள் விளக்கை விட்டுக் கண்ணை அகற்றாமல், மேல் பாதியில் வெள்ளைப் புள்ளி தோன்றும்போதெல்லாம் தவறாமல் பட்டனை அழுத்தினார். கீழ்ப் பாதியில் ஒன்றன்பின் ஒன்றாக வெளிச்சங்கள் வந்து போவதை நான் திரையில் பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல்தான் ஏதோ வரப்போகிறது என்று காத்திருப்பவரைப் போல அவருடைய விரல் பட்டனின் மேல் அசையாமல் இருந்தது. இரண்டு கண்களிலும் ஏறக்குறைய அதே இடத்தில் பார்வை போயிருந்ததால், ஒரு கண் விட்டதை மற்றது பிடித்துக்கொள்ளவும் வழியில்லை.

அறிக்கையைக் காட்டி, கறுப்பாக இருக்கும் பகுதிதான் உங்களுக்குத் தெரியாத பகுதி என்றேன். அவர் அந்தத் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "எனக்கு எங்கயுமே கருப்பாத் தெரியலீங்களே. தெரியலைன்னா அந்த எடம் கருப்பாத்தானுங்க இருக்கோணும்?" என்றார்.

இந்தக் கேள்வியை அதற்கு முன்பும் கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவாக யாரும் கேட்டதில்லை. கறுப்பாகத் தெரிவதும் தெரிவதுதான் என்பதையும், நம் தலைக்குப் பின்னால் இருப்பது நமக்குத் தெரிவதில்லை என்றாலும் அங்கே ஒரு கறுப்புத் திரை தொங்குவதாக நாம் உணர்வதில்லை என்பதையும் நான் படித்திருக்கிறேன். 2013இல் இங்கிலாந்தில் இந்த நோயுள்ள 50 பேரிடம் சில படங்களைக் கொடுத்து, உங்கள் பார்வை இவற்றில் எதைப்போல் இருக்கிறது என்று கேட்டபோது, கறுப்புத் திட்டுகள் உள்ள படத்தை ஒருவர்கூட எடுக்கவில்லை. நான்கில் ஒரு பங்குக்குச் சற்று மேலானோர் எந்தக் குறையையும் உணர்ந்திருக்கவேயில்லை. ஆக, அவர் தம் கண்ணைப் பற்றிச் சொன்னது சரி. தவறான சித்திரத்தைக் கையில் வைத்திருந்தவள் நான்தான். அந்தத் தாளில்கூடக் கருவி உண்மையில் அளந்தது ஒவ்வொரு கண்ணிலும் 54 இடங்களை மட்டுமே. ஒன்றுக்கொன்று ஆறு பாகை இடைவெளியுள்ள அந்தப் புள்ளிகளுக்கு நடுவே படர்ந்திருக்கும் சாம்பலையும் கறுப்பையும் கணக்குப் போட்டு இட்டு நிரப்புவது மென்பொருள். பார்வை போன இடத்தை மூளை நிரப்புகிறது என்பதை, தானும் நிரப்பியே வரைந்த ஒரு படத்தைக் காட்டித்தான் நாங்கள் தினமும் விளக்குகிறோம். இது அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறகு யோசித்ததை அன்றைய தினத்தோடு சேர்த்துவிடக் கூடாது.

அப்போது எனக்குத் தோன்றியது வேறு. டோக்கன் எழுதும் கோடு போட்ட நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ஒரு கோட்டின் மேலேயே இடப்பக்கம் ஒரு கூட்டல் குறியும், நான்கு விரல் தள்ளி வலப்பக்கம் ஒரு பெரிய புள்ளியும் போட்டேன். இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு வலக்கண்ணால் கூட்டல் குறியை மட்டும் பார்க்கச் சொல்லி, தாளை மெல்ல முகத்துக்கு அருகில் கொண்டுவந்தேன். ஓரடித் தொலைவுக்கு வந்தபோது அவர் "அட!" என்றார். புள்ளி போய்விட்டது. போன இடத்தில் ஓட்டை விழவில்லை, கறுப்பும் இல்லை. கோடு அறுபடாமல் நேராக ஓடியது. 1660களில் எதம் மரியொத் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டு சொன்ன குருட்டுப் புள்ளி அது. பார்வை நரம்பு கண்ணை விட்டு வெளியேறும் அந்த இடத்தில் ஒளியை வாங்கும் செல்கள் கிடையாது; வானில் பத்து முழு நிலவுகளை வரிசையாக ஒட்டிவைத்தாலும் மறைத்துவிடக்கூடிய அகலம் அதற்கு உண்டு. எங்கள் கருவியும் அதை நம்பித்தான் வேலை செய்கிறது. இடையிடையே அந்தக் குருட்டுப் புள்ளியிலேயே ஒரு வெளிச்சத்தைக் காட்டிப் பார்க்கும். நோயாளி பட்டனை அழுத்தினால், கண்ணை நகர்த்திவிட்டார் என்று குறித்துக்கொள்ளும்.

அவர் மகிழ்ந்துபோனார். தாளை வாங்கிக்கொண்டு வெளியே போய், காத்திருந்த மனைவிக்கும் பக்கத்து இருக்கைக்காரருக்கும் காட்டினார். மூவரும் மாறி மாறி ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்ததைக் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். திரும்பி வந்தபோதுதான் அந்தக் கேள்வியைக் கேட்டார். நானும் அந்தப் பதிலைச் சொன்னேன். அதற்கு அடுத்து, "ஆனா நம்ம எல்லாருக்கும் இருக்கறது பொறந்ததிலிருந்து அதே அளவுதாங்கண்ணா, உங்களுது சொட்டு மருந்து போடலைன்னா பெரிசாகிட்டே போகும்" என்று சொன்னேன்.

சொன்னேனா?

பதினொரு மாதம் கழித்து, படியிறங்கும்போது கால் தவறியதாகச் சொல்லிக்கொண்டு வந்தார். வலக்கண்ணில் இழப்பு நடுப்பகுதியை நெருங்கிவிட்டிருந்தது. இரண்டு புட்டி தீர்ந்ததும் மருந்தை நிறுத்தியிருக்கிறார். கோபமோ குற்றச்சாட்டோ இல்லாமல், ஒரு நினைவூட்டலைப் போலத்தான் சொன்னார்: "நீங்கதானுங்க அம்மணி சொன்னீங்க, எல்லாருக்கும் இருக்கறதுதான்னு."

பழைய கோப்பை எடுத்துப் பார்த்தேன். என் கையெழுத்தில் ‘விளக்கப்பட்டது’ என்று ஒரே சொல் இருந்தது. என்ன விளக்கப்பட்டது, எது விடுபட்டது என்பதற்கு அந்தச் சொல்லில் இடமில்லை.

எனக்காகப் பேச எனக்குச் சில நியாயங்கள் உண்டு. மருந்தை நிறுத்தக் கூடாது என்று மருத்துவர் தனியாகச் சொல்லியிருப்பார். புட்டியோடு கொடுக்கும் சீட்டிலும் அது அச்சாகியிருக்கிறது. இந்த நோயில் சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைக்குமே தவிரப் போன பார்வையைத் திருப்பித் தராது. போட்டாலும் போடாவிட்டாலும் மறுநாள் காலையில் உலகம் ஒன்றுபோலவே தெரிவதால், எந்தப் படமும் காட்டப்படாதவர்களிலும் எத்தனையோ பேர் நிறுத்திவிடுகிறார்கள். அவரும் எப்படியும் நிறுத்தியிருப்பார் என்று ஓர் இரவில் முடிவுக்கு வருவேன். மறுநாள் காலையில், நிறுத்துவதற்கு ஒரு காரணத்தைக் கோடு போட்ட தாளில் வரைந்து கையில் கொடுத்தவள் நான் என்பது திரும்பி வந்துவிடும்.

அந்த வாக்கியம் நினைவில் இருக்கும் விதம்தான் என்னை அதிகம் தொந்தரவு செய்கிறது. முதல் பதிலை நினைக்கும்போது அவருடைய முகமும், அவர் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்ததும், வெளியே அடுத்த டோக்கன் எண்ணைக் கூப்பிட்ட குரலும் சேர்ந்தே வருகின்றன. இரண்டாவது வாக்கியம் மட்டும் தனியாக, சொற்கள் பிசகாமல், அவர் முகமில்லாமல் வருகிறது. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி. எஸ். ராமச்சந்திரனும் ரிச்சர்ட் கிரிகரியும் 1991இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மினுங்கும் புள்ளிகள் நிறைந்த திரையில் ஒரு சிறு சாம்பல் சதுரத்தை ஓரப் பார்வையில் வைத்துக்கொண்டு கண்ணை அசைக்காமல் இருந்தால், சில நொடிகளில் சதுரம் மறைந்து அங்கேயும் புள்ளிகள் மினுங்கத் தொடங்கும். சுற்றிலும் இருப்பதைக் கொண்டு நடுவை மூட மூளைக்குச் சில நொடிகள் போதும். எனக்குப் பதினொரு மாதம் இருந்தது. அந்த வாக்கியத்தை அவருக்கு முன்னும் பின்னும் எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன். சுற்றிலும் அது நிறைந்திருக்கும்போது, அன்றைய இடைவெளியில் அது இல்லாமல் போயிருந்தால்தான் எனக்கு எப்படித் தெரியும்? சொல்லவில்லை என்றும் இதனால் ஆகிவிடாது. உண்மையாகவே சொன்ன வாக்கியமும் இப்படி முகமில்லாமல் நினைவில் நிற்கலாம்.

உடன் பணிபுரியும் மூத்தவர் ஒருவர், இதெல்லாம் காட்டாதே, மருந்து போடாவிட்டால் பார்வை போய்விடும் என்று மட்டும் சொல்லி அனுப்பு என்றார். சில மாதங்கள் அப்படியே செய்தேன். கறுப்புப் பகுதியைக் காட்டிப் பயமுறுத்தினால் சொட்டு மருந்து போடுகிறார்கள் என்றுதான் தோன்றுகிறது, ஆனால் அது அவர்கள் பார்க்கும் உலகத்தைப் பற்றிய ஒரு பொய். போன வாரம் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியர், "கறுப்பா ஒண்ணும் இல்லையேம்மா" என்றபோது என் கை தானாக நோட்டுக்குப் போய்விட்டது. கூட்டல் குறியைப் போடுவதற்கு முன்பே அந்த இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லிவிட்டு, புள்ளி மறைந்தபின் மறுபடியும் சொன்னேன். அவர் இரண்டு முறையும் தலையாட்டினார்.

குட்டியானைக்காரர் முதல்முறை வந்த அன்று அறையில் ஒரு பயிற்சி மாணவியும் இருந்தாள். இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். தயங்கித் தயங்கி ஒரு நாள் அவளைத் தொலைபேசியில் அழைத்து, அவரை நினைவிருக்கிறதா, தாளில் புள்ளி போட்டுக் காட்டியது நினைவிருக்கிறதா, அதற்கப்புறம் நான் அவரிடம் என்று ஆரம்பித்தேன். நான் கேள்வியை முடிப்பதற்குள், "சொன்னீங்கக்கா, நல்லா ஞாபகமிருக்கு" என்றாள்.