நர்சிங் சேரலாமா என்று யோசிப்பவர்களுக்கு

போன வாரம் சித்தி மகள் போன் செய்தாள். பிளஸ் டூ முடித்திருக்கிறாள், உயிரியல் பிரிவு, 600-க்கு 512. அவளுடைய அண்ணன் இன்ஜினியரிங் முடித்து ஒன்றரை வருடமாக வீட்டில் இருக்கிறான், கேம்பஸில் கிடைத்த ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, சேரச் சொல்லி இன்னும் தேதி வரவில்லை. அந்தப் பயத்தில் வீட்டில் எல்லாரும் சேர்ந்து இவளை நர்சிங்கில் போட்டுவிடலாம் என்று பேசி முடித்துவிட்டார்கள். "அக்கா, நர்சிங் படிச்சா வேலை நிச்சயம்னு சொல்றாங்களே, நிஜமா?" என்று கேட்டாள். நானும் நர்ஸ்தான், ஒரு மணி நேரம் பேசினேன். இதே பேச்சு இப்போது நிறைய வீடுகளில் நடந்துகொண்டிருக்கும் என்பதால் அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

வேலை கிடைக்கும். என் வகுப்பில் படித்து முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவும் வாங்கிவிட்டு ஆறு மாதத்துக்கு மேல் சும்மா இருந்தவர் என்று யாரும் இல்லை. ஆனால் அந்த முதல் வேலையின் சம்பளத்தில் கல்விக் கடனைக் கட்ட முடியாது. இதை யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை.

என் கணக்கையே சொல்கிறேன். 2012-இல் ஒரு தனியார் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டாவில் பி.எஸ்சி. நர்சிங் சேர்ந்தேன். வங்கிக் கடன், அதன்மேல் நாலு வருட வட்டி, எல்லாம் சேர்ந்து முடிக்கும்போது மாதத் தவணை 5,800 ரூபாய் என்று வந்து நின்றது. 2016-இல் மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனையில் என் முதல் சம்பளம் 9,500. ஹாஸ்டலுக்கு 2,500 போனால் மிச்சம் 1,200 ரூபாய், அதில்தான் பஸ், சோப்பு, போன் எல்லாம். இரண்டு வருடம் தீபாவளிக்கு வீட்டுக்கு ஒன்றும் வாங்கிப் போகவில்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

அதனால் நான் சொல்கிற முதல் விஷயம், கடன் இல்லாமல், அல்லது சின்னக் கடனில் படிக்க வழி இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் பி.எஸ்சி. நர்சிங்குக்கு நீட் கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்துத்தான் கலந்தாய்வு. அரசுக் கல்லூரி கிடைத்தால் ஊர் தூரம், ஹாஸ்டல் சரியில்லை என்று எதையும் யோசிக்காமல் போய்ச் சேருங்கள். கிடைக்காவிட்டால் தனியார் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம், அதுவும் இல்லையென்றால் அரசு நர்சிங் பள்ளியில் மூன்று வருட டிப்ளமோ. டிப்ளமோ என்றால் மட்டம் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள், காதில் வாங்காதீர்கள். பின்னால் டிப்ளமோ நர்சுகளுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்து டிகிரி ஆக்கிக்கொள்ளலாம். கடன் வாங்கி மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்வதைக் கடைசி வழியாக வையுங்கள். நான் கலந்தாய்வு விண்ணப்பமே போடவில்லை. பக்கத்து ஊர்க் கல்லூரிக்காரர்கள் வீட்டுக்கே வந்து "சீட் போயிடும்" என்று அவசரப்படுத்தினார்கள், அப்பா பயந்து அட்வான்ஸ் கட்டிவிட்டார்.

இரண்டாவது, கல்லூரிக் கட்டடத்தைப் பார்க்காதீர்கள், அதன் மருத்துவமனையைப் பாருங்கள். நர்சிங்கை கிளாஸ் ரூமில் பாதிதான் படிக்க முடியும். எங்கள் கல்லூரி மருத்துவமனையில் 150 படுக்கை இருந்தது, பாதிக்கு மேல் காலிதான். எங்கள் கேஸ் புக்கில் 20 பிரசவம் நாங்களே பார்த்து எழுத வேண்டும், அங்கே மாதத்துக்கு 20 பிரசவம் நடந்தாலே பெரிது, வகுப்பில் 50 பேர். அடுத்தவள் பார்த்த கேஸைக் காப்பி அடித்து எழுதினோம். நல்ல வேளையாக மூன்றாம் வருடக் கடைசியில் எங்களை அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டுக்குப் போஸ்டிங் போட்டார்கள். அங்கேதான் நான் நர்ஸ் ஆனேன் என்று சொல்லலாம். ஒரு ராத்திரி, முதல் பிரசவத்துக்கு வந்த பெண், என்னைவிட ஒரு வயது சின்னவளாக இருப்பாள், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. குழந்தையின் தலை தெரிந்ததும் வார்டு சிஸ்டர் என் இன்னொரு கையை எடுத்து வைத்து, அதன்மேல் தன் கையை வைத்து, எவ்வளவு அழுத்த வேண்டும், எப்போது விட வேண்டும் என்று பேசாமலே காட்டினார். தலை வேகமாக வந்துவிட்டால் தாய்க்குக் கிழிந்துவிடும். அந்த அழுத்தம் எந்தப் புத்தகத்திலும் இல்லை. இன்றைக்கும் என் உள்ளங்கைக்கு அது ஞாபகம் இருக்கிறது.

சரி, வேலைக்கு வருவோம். சேரும்போதே ஒரிஜினல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொண்டு இரண்டு வருட பாண்டு எழுதச் சொல்லும் இடங்கள் இருக்கின்றன. நான் கொடுத்தேன், நடுவில் வேறு நல்ல இடம் கிடைத்தும் போக முடியவில்லை. நீங்கள் காட்டிவிட்டு நகலைக் கொடுங்கள், கட்டாயம் வேண்டும் என்றால் அந்த இடம் வேண்டாம். தனியார் நர்சுகளின் சம்பளத்துக்காக உச்ச நீதிமன்றம் சொல்லி அமைத்த குழு 2016-இல், 50 படுக்கைக்குக் குறைவான மருத்துவமனையிலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று பரிந்துரைத்தது. அதே வருடம்தான் நான் 9,500-க்குச் சேர்ந்தேன். நம் ஊரில் அது பரிந்துரையாகவே கிடக்கிறது என்பதை நினைத்தால் இன்றும் கோபம் வரும். இருந்தாலும் ஐ.சி.யூ. டூட்டி கேட்டு வாங்குங்கள், பெரிய மருத்துவமனை என்றால் 1,000 ரூபாய் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. அனுபவச் சான்றிதழில் எத்தனை படுக்கை என்று இருப்பதைத்தான் பின்னால் எல்லாரும் பார்ப்பார்கள்.

அரசு வேலை என்றதும் இங்கே எல்லாரும் எம்.ஆர்.பி.யைத்தான், அதாவது தமிழக அரசின் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தைத்தான் சொல்வார்கள். எழுதுங்கள், ஆனால் தெரிந்துகொண்டு எழுதுங்கள். 2015-இல் எம்.ஆர்.பி. தேர்வில் 7,000-க்கும் மேற்பட்ட நர்சுகளை எடுத்தார்கள், தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் மருத்துவத் துறை இயக்குநரகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் போராட்டத்துக்கு உட்கார்ந்தபோது என் சீனியர் அக்காக்கள் பலர் அதில் இருந்தார்கள். பிறகு 14,000, 18,000 என்று உயர்ந்தது, ஆனால் நிரந்தரம் ஆகும் வரை காத்திருப்பது நீளம்.

நான் நார்செட் பக்கம் போனேன். எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கு நர்சிங் ஆபீசர் எடுக்கும் பொதுத் தேர்வு, 2020-இல்தான் தொடங்கியது. அடிப்படைச் சம்பளமே 44,900. பி.எஸ்சி. என்றால் அனுபவம் இல்லாமலே எழுதலாம், டிப்ளமோ என்றால் 50 படுக்கை மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் வேண்டும். வயது பொதுப் பிரிவுக்கு 30 வரை. பெண்களுக்கு 80 சதவீதம், ஆண்களுக்கு 20 என்ற ஒதுக்கீடு இருப்பதால் பையன்கள் அதற்கேற்ப இன்னும் கடுமையாகத் தயாராக வேண்டும். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும், இதை அலட்சியம் செய்துதான் 2020-இல் தோற்றேன், ஒரு கேள்வி விடாமல் எல்லாவற்றுக்கும் விடை போட்டுவிட்டு வந்தேன். 2021-இல் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் தொட்டேன், கிடைத்துவிட்டது. அப்போது ஒரே தேர்வு, இப்போது முதல்நிலை, முதன்மை என்று இரண்டு கட்டம்.

பயிற்சி மையத்துக்குப் போக என்னிடம் பணம் இல்லை. வேலையையே பாடமாக்கிக்கொண்டேன். 500 மில்லி சலைன் நாலு மணி நேரத்தில் ஏற வேண்டும், டிரிப்ஸ் குழாய் செட்டில் ஒரு மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை சொட்டு? தேர்வில் இதே மாதிரி வரும். நைட் டூட்டியில் ஒவ்வொரு டிரிப்ஸ் போடும்போதும் மனசுக்குள் போட்டுப் பார்ப்பேன், 500-ஐ 20-ஆல் பெருக்கி 240-ஆல் வகுத்தால் 42 சொட்டு, அப்புறம் வாட்சைப் பார்த்துச் சொட்டு எண்ணிச் சரிசெய்வேன். மருந்தின் பெயரைக் கேஸ் ஷீட்டில் பார்த்தால் அது ஏன், பக்க விளைவு என்ன என்று காலையில் ஹாஸ்டலுக்கு வந்து ஒரு நோட்டில் எழுதிவிட்டுத்தான் படுப்பேன். தேர்வு தமிழில் கிடையாது, தமிழ் மீடியத்தில் படித்த எனக்கு அந்த நோட்டுதான் ஆங்கிலமும் கற்றுக்கொடுத்தது.

வெளிநாட்டைப் பற்றிச் சுருக்கமாக. கொரோனாவுக்குப் பிறகு பிரிட்டன் அள்ளிக்கொண்டு போன மாதிரி இப்போது எடுப்பதில்லை. ஜெர்மனி என்றால் ஜெர்மன் மொழியை பி2 என்ற நிலை வரை படிக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு வருடம் ஆகும். சவூதி, குவைத் போன்ற நாடுகளுக்குத் தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் வழியாகப் போகலாம். ஏஜென்ட் லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

ரத்தம் பார்த்தால் மயக்கம் வரும் என்று பயப்படுகிறவர்களிடம் நான் வேண்டாம் என்று சொல்வதில்லை, பெரும்பாலானவர்களுக்கு அது பழகப் பழகப் போய்விடும். ஆனால் தெரியாத மனிதரைத் தொட்டுத் துடைப்பதும், அவர் வலியில் நம்மைத் திட்டும்போது பொறுத்துக்கொண்டு வேலையை முடிப்பதும் மனசுக்கு ஒப்பவில்லை என்றால், எவ்வளவு மோசமான வேலைச் சந்தையாக இருந்தாலும் இதில் சேராதீர்கள். நோயாளிக்கும் கஷ்டம், உங்களுக்கும் கஷ்டம்.

சித்தி மகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். அம்மாச்சி இடுப்பு எலும்பு முறிந்து அரசு மருத்துவமனையில் இருக்கிறார், இரண்டு ராத்திரி நீ துணைக்கு இரு என்றேன். இருந்தாள். மூன்றாம் நாள் காலையில் போன் செய்து, பக்கத்துப் பெட் பாட்டிக்கு பெட் பேன் வைத்ததையும், பாட்டி கூச்சப்பட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டதும் இவள் கையாலேயே போர்வையை இழுத்து மூடியதையும் சொன்னாள். அப்புறம் விண்ணப்பத்துக்கு என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கேட்டாள். கலந்தாய்வில் அரசுக் கல்லூரி வராவிட்டால் என்று இரண்டு தனியார் கல்லூரிகளைக் குறித்துவைத்திருக்கிறாள். இரண்டின் மருத்துவமனைக்கும் வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்குப் போய், ஓ.பி. வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணிவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.