பாட்டைச் சுமப்பது போனா, பெட்டியா?

நல்ல ஸ்டீரியோ ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) இருக்கிறது, ஒரு ஜோடி ஸ்பீக்கரும் இருக்கிறது. போனில் ஓடும் பாட்டு அதில் கேட்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. புளூடூத் ரிசீவர் வாங்குவதா, வைஃபையில் இயங்கும் ஸ்ட்ரீமர் வாங்குவதா என்று குழம்புகிறவர்கள் முதலில் கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி விரிக்கும் முறைகளின் பட்டியலைத்தான் பார்க்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி, பாட்டைச் சுமப்பது எது என்பது.

புளூடூத்தில் சுமை முழுக்கப் போனுக்கு. ஸ்பாட்டிஃபையிலிருந்து 320 கேபிபிஎஸ்ஸில் (நொடிக்கு இத்தனை கிலோபிட்) வந்த பாட்டைப் போன் விரிக்கிறது, வாட்ஸப் 'டிங்'கையும் அதோடு கலக்கிறது, மறுபடி சுருக்கி அனுப்புகிறது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போலத்தான். எல்லாக் கருவியிலும் இருக்கும் எஸ்பிசி கோடெக் நல்ல நிலையில் 328 கேபிபிஎஸ் வரை போகும். சிடியின் அளவு 1,411. எல்டாக் என்ற கோடெக் 990 வரை போகும். ஆனால் 'அடாப்டிவ்' நிலையில் விட்டால் சிக்னல் தளரும்போது சத்தமில்லாமல் 330-க்கு இறங்கிவிடும். ஐபோனில் எஸ்பிசி, ஏஏசி என்ற இரண்டு கோடெக்தான். ஐபோன் வைத்துக்கொண்டு எல்டாக் ரிசீவருக்குக் கூடுதல் பணம் கொடுப்பது வீண்.

ஆண்ட்ராய்டில் எந்தக் கோடெக் ஓடுகிறது என்று பார்க்க, செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி டெவலப்பர் ஆப்ஷன்ஸைத் திறக்கவும். ரிசீவர் இணைந்திருக்கும்போதே 'புளூடூத் ஆடியோ கோடெக்' வரியைப் பார்க்க வேண்டும். எல்டாக்கை 990-இல் நிறுத்திக் கேளுங்கள். பாட்டு விக்கினால் 660 போதும். விக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் ரிசீவர் இருக்கும் இடம். ஆம்பின் இரும்பு உடம்புக்குப் பின்னால் ஒளித்து வைத்தால் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை வருவதற்கு வழி ஏது? அரை மீட்டர் வயர் போட்டு வெளியே எடுத்து வையுங்கள்.

ஸ்ட்ரீமரில் கதை வேறு. ஸ்பாட்டிஃபை கனெக்ட்டில் போன் 'இந்தப் பாட்டைப் போடு' என்று சொல்வதோடு சரி. பாட்டைப் பெட்டியே நேராக இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். அழைப்பு வந்தாலும், போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனாலும் பாட்டு நிற்காது. ஆனால் வைஃபை என்றாலே போனுக்கு வேலையில்லை என்று நினைக்க வேண்டாம். ஐபோனிலிருந்து ஏர்பிளே (வைஃபை வழியே பாட்டை அனுப்பும் ஆப்பிள் வசதி) செய்தால் போன்தான் சுமக்கிறது. பெரும்பாலும் தரம் குறையாத வடிவில் சுமக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

இதில் வரும் பெரிய தலைவலி, ஆப்பில் பெட்டியே தெரியாமல் போவது. போனும் பெட்டியும் ஒரே நெட்வொர்க்கில் இருந்தால்தான் ஒன்றையொன்று கண்டுகொள்ளும். பல வீடுகளில் ஃபைபர் நிறுவனம் கொடுத்த மோடம் ஒன்று, அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்று. போன் இதில், பெட்டி அதில் என்றால் முடிந்தது கதை. இரண்டின் ஐபி முகவரியையும் பாருங்கள்: ஒன்று 192.168.1 என்றும் மற்றது 192.168.0 என்றும் தொடங்கினால் சிக்கல் அதுவேதான். இரண்டாவது ரவுட்டரை, தனி நெட்வொர்க் உருவாக்காத ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றினால் தீரும். முகவரி சரியாக இருந்தும் தெரியவில்லையா? பெட்டி கெஸ்ட் நெட்வொர்க்கில் இருக்கிறதா, ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் (கருவிகளை ஒன்றையொன்று பார்க்கவிடாத அமைப்பு) போட்டிருக்கிறதா, போனில் விபிஎன் ஓடுகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். முடிந்தால் பெட்டிக்கு லேன் கேபிளே இழுத்துவிடுங்கள். சிடி தரத்துக்கு வேகம் பெரிதாக வேண்டாம், இடையில் அறாமல் இருந்தால் போதும்.

எது வாங்கினாலும் ஆம்பில் செருகும் இடம் ஆக்ஸ் அல்லது சிடி. ஃபோனோவில் செருகாதீர்கள். அது இசைத்தட்டு ஊசியின் நலிந்த சிக்னலுக்கானது. பாட்டு கரகரத்து, பேஸ் பொங்கி வழியும். புளூடூத்தில் போன் வால்யூமை முழுதாக வைத்து, ஆம்பில் கூட்டிக் குறையுங்கள். போனைப் பாதியில் வைத்து ஆம்பைத் திருகினால் இரைச்சலும் சேர்ந்தே ஏறும். ஸ்ட்ரீமரில் 'ஃபிக்ஸ்டு வால்யூம்' (எப்போதும் முழு அளவில் அனுப்பும் நிலை) போடும் முன் ஆம்பைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள், ஸ்பீக்கர் பிழைக்கும்.

'ம்ம்ம்' என்று ரீங்காரம் கேட்டால் ரிசீவரைச் சார்ஜரிலிருந்து எடுத்துப் பவர் பேங்கில் போட்டுப் பாருங்கள். நின்றுவிட்டால் அது கிரவுண்டு லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்பு வழியே சுற்றிவரும் இரைச்சல். வேறு சார்ஜர் மாற்றலாம், ஆம்புக்குப் போகும் ஆர்சிஏ வயரில், அந்தச் சுற்றைத் துண்டிக்கும் ஐசொலேட்டர் போடலாம். ஆம்பில் ஆப்டிகல் துளை இருந்தால் ஸ்ட்ரீமரை அதில் இணைப்பது இன்னும் நல்லது. ஒளி வழியே போவதால் மின் தொடர்பே கிடையாது. டிவி சத்தத்துக்கும் ஆப்டிகல் வயர்தான். புளூடூத்தில் உதடு முன்னே போகும், பேச்சு பின்னே வரும்.

தினம் ஓரிரு மணி நேரம் உட்கார்ந்து கேட்பவருக்கு ஸ்ட்ரீமர் என்பேன். ஒரு பயம் மட்டும் நியாயமானது: 2015-இல் வந்த கூகுளின் ஸ்ட்ரீமரான குரோம்காஸ்ட் ஆடியோ 2019-இலேயே விற்பனைக்கு நின்றது. ஸ்ட்ரீமர் ஆப்பையும் அப்டேட்டையும் நம்பி வாழ்கிறது. பத்து வருடப் பழைய புளூடூத் ரிசீவர் இன்றும் இணைகிறது. இரண்டும் சேர்ந்த பெட்டி கிடைத்தால் அதை வாங்கி, விருந்தாளி வரும்போது மட்டும் புளூடூத்தைப் போடுங்கள். பல பெட்டிகள் பின் நம்பர் கேட்பதில்லை. திறந்தே கிடந்தால் மாடிவீட்டுப் பையனின் போன் உங்கள் ஆம்பில் கிரிக்கெட் வர்ணனை ஓட்டும்.