பெரிய காலிபர் ரிவால்வர் வாங்குமுன் தோட்டாவைப் பாருங்கள்

அமெரிக்கத் துப்பாக்கிக் கடையின் கண்ணாடிப் பெட்டியில் முதலில் கண்ணை இழுப்பது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 500தான். 2003-இல் வந்தது. எட்டரை அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான பேரல், ஏறத்தாழ 2 கிலோ எடை, சிலிண்டரில் ஐந்தே தோட்டா. பாதி காலியான தோட்டாப் பெட்டியோடு மறுவிற்பனைக்கு வரும் துப்பாக்கிகளில் இந்த ரகத்துக்குத் தனி இடம் உண்டு. வாங்கியவருக்கு ஆசை தீர்ந்திருக்கும், கையும் நொந்திருக்கும்.

வேட்டைக்கோ கரடிக் காட்டுக்கோ வாங்குபவர்களை விட்டுவிடுவோம். சனிக்கிழமை காலை ரேஞ்சுக்குப் போய், காகித இலக்கையும் இரும்புத் தட்டையும் சுட்டுவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீடு திரும்புபவர் எதை வாங்கலாம்? அதே சிலிண்டரில் போட்டுச் சுடக்கூடிய சாதுவான தம்பித் தோட்டா ஒன்று கடையில் கிடைக்கிறதா என்பதே முதல் கேள்வி. உச்ச பலம் எவ்வளவு என்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

.44 மேக்னம் என்ற தோட்டா 1955-இல் வந்தது. (.44 போன்ற எண் குண்டின் விட்டத்தைத் தோராயமாக அங்குலத்தில் சொல்வது.) அதற்கு முன்பே இருந்த .44 ஸ்பெஷல் தோட்டாவின் கூட்டை, அதாவது மருந்தையும் குண்டையும் பிடித்திருக்கும் உறையை, எட்டில் ஒரு அங்குலம் நீட்டிச் செய்தது அது. ஸ்பெஷல் கூடு 1.16 அங்குலம், மேக்னம் 1.285. அதனால் மேக்னம் ரிவால்வரில் ஸ்பெஷல் போகும், ஸ்பெஷல் ரிவால்வரில் மேக்னம் போகாது. நீட்டியதே அதற்காகத்தான். இரண்டிலும் 240 கிரெயின் எடையுள்ள குண்டு என்று வைத்துக்கொள்வோம். ஸ்பெஷல் நொடிக்கு 750 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 300 அடி-பவுண்டு. மேக்னம் 1,350 அடி வேகத்தில் போனால் 970. ஒரே துப்பாக்கியில் மூன்று மடங்கு ஏற்ற இறக்கம்! காலையில் ஸ்பெஷலில் கையைப் பழக்கி, நடுவில் ஒரு சிலிண்டர் மேக்னம் சுட்டுச் சிரித்துவிட்டு, மறுபடி ஸ்பெஷலுக்கு இறங்கலாம்.

.454 கசூலுக்கு இதே மாதிரி .45 கோல்ட் தம்பி. .460 ஸ்மித் அண்ட் வெஸ்ஸனுக்கு இரண்டு தம்பிகள்: .454-உம் .45 கோல்ட்டும். .500-க்குச் சொல்லிக்கொள்கிற மாதிரி கடையில் எளிதாகக் கிடைக்கும் தம்பி இல்லை. மென்மையாக நிரப்பிய .500 தோட்டாக்களைத் தேடிப் பிடிக்கலாம், விலையும் தேடிப் பிடித்த விலையாகவே இருக்கும்.

.45 கோல்ட்டில் ஒரு பொறி இருக்கிறது. 1873-இலிருந்து வரும் தோட்டா இது, அதன் தரப்படுத்தப்பட்ட அழுத்த வரம்பு 14,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). ரூகர் பிளாக்ஹாக், ரெட்ஹாக் போன்ற தடித்த துப்பாக்கிகளுக்கென்றே அந்த வரம்பைப் பெரிதும் தாண்டி நிரப்பிய .45 கோல்ட் தோட்டாக்களும் விற்கிறார்கள். பெட்டியில் எச்சரிக்கை இருக்கும். கூட்டின் அளவு அதேதான் என்பதால் கோல்ட் சிங்கிள் ஆக்ஷன் ஆர்மி என்ற பழைய ரிவால்வரிலும் அதன் இத்தாலிய நகல்களிலும் தடையில்லாமல் நுழைந்துவிடும். சுட்டால் சிலிண்டர் பிளக்கலாம். இரண்டு ரகத்தையும் வீட்டில் வைத்திருந்தால் தனித்தனிப் பெட்டி, தனித்தனி அலமாரி. .454-இல் இந்தக் குழப்பம் வராது. அதன் கூடு நீளம், .45 கோல்ட் சிலிண்டரில் முழுதாக உட்காராது. அதன் வரம்பு 65,000 பிஎஸ்ஐ.

ஆக, முதல் பெரிய ரிவால்வர் என்றால் .44 மேக்னம் என்பதே என் கட்சி. தோட்டா எந்தப் பெரிய கடையிலும் கிடைக்கும், துப்பாக்கியிலும் தேர்வு அதிகம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்: ஸ்பெஷல் மெல்லியது என்பதால் மலிவாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். பல கடைகளில் மேக்னம் விலைதான், சில சமயம் கூடுதலாகவும் இருக்கும். காசு மிச்சப்படுத்துவது நோக்கம் என்றால் .357 மேக்னம் வாங்கி .38 ஸ்பெஷல் சுடுங்கள். அது வேறு விளையாட்டு.

அடுத்தது எடை. இதில் தயவு தாட்சண்யம் வேண்டாம். ஒரே தோட்டாவைச் சுடும்போது துப்பாக்கியின் எடை பாதியானால் பின்னுதைப்பின் ஆற்றல் இரட்டிப்பாகும். ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 329, ஸ்கேண்டியம் கலந்த அலுமினியச் சட்டம் கொண்டது, சுமார் 25 அவுன்ஸ். மலையேறுபவர் இடுப்பில் செருகிக்கொள்ள நல்லது, ரேஞ்சில் சித்திரவதை. ரேஞ்சுக்கு 45 அவுன்ஸுக்குக் கீழே போகாதீர்கள். 6 அங்குல ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 629 அந்த எடைதான். 7.5 அங்குல ரூகர் சூப்பர் பிளாக்ஹாக் 48, அதே நீள சூப்பர் ரெட்ஹாக் 53. ஸ்கோப் மாட்டும் எண்ணம் இருந்தால் சூப்பர் ரெட்ஹாக்கையே பாருங்கள், அதன் சட்டத்திலேயே வளையம் மாட்டப் பள்ளம் வெட்டியிருக்கிறது.

மிக லேசான துப்பாக்கியில் கை வலிப்பதோடு போகாது. ஒவ்வொரு வெடிக்கும் துப்பாக்கி வெடுக்கெனப் பின்னால் பாயும்போது, சுடாமல் காத்திருக்கும் தோட்டாக்களின் குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கும். கூட்டின் வாய் அதை இறுக்கிப் பிடிக்கவில்லை என்றால் குண்டு மெல்ல முன்னால் நழுவும். நழுவிய முனை சிலிண்டருக்கு வெளியே எட்டிப் பார்த்தால் சிலிண்டர் சுற்றாது, சுத்தமாக மாட்டிக்கொள்ளும். புது ரகத் தோட்டா வாங்கினால் ஒன்றின் நீளத்தைக் காலிப்பர் என்ற அளவுகருவியில் அளந்து, அதைச் சிலிண்டரின் கடைசி அறையில் போட்டு, மற்றவற்றைச் சுட்டுவிட்டு மறுபடி அளந்து பாருங்கள். கண்ணில் படுகிற அளவுக்கு நீண்டிருந்தால் அந்தத் தோட்டா அந்தத் துப்பாக்கிக்கு ஆகாது.

பேரல் 6 அல்லது 7.5 அங்குலம். 4 அங்குலத்தில் வெடிச்சத்தமும் தீப்பிழம்பும் கூடும், பார்வைக் குறிகளுக்கு இடையிலான தூரம் குறையும். 8 அங்குலத்துக்கு மேல் போனால் மூக்குக் கனம், நின்றபடி சுடும்போது பத்தாவது தோட்டாவிலேயே கை நடுங்கும். பின்குறி திருகித் திருத்தக்கூடியதாக இருக்கட்டும். கனமான குண்டு பேரலை விட்டு வெளியேறுமுன் முனை கூடுதலாக எழும்பிவிடும், அதனால் கிட்டத் தூரத்தில் அது இலக்கில் மேலே விழும். லேசான, வேகமான குண்டு கீழே விழும். தம்பித் தோட்டாவும் சுடுவேன் என்பவருக்குத் திருத்த முடியாத நிலைக்குறி தலைவலி.

சிங்கிள் ஆக்ஷனா டபுள் ஆக்ஷனா? சிங்கிள் ஆக்ஷனில் ஒவ்வொரு முறையும் ஹாமரை, அதாவது தோட்டாவை வெடிக்க வைக்கும் சுத்தியலை, கட்டைவிரலால் இழுக்க வேண்டும், பக்கவாட்டுக் கதவு வழியாக ஒவ்வொன்றாகத் தோட்டா போட வேண்டும். நிதானம் தானாக வரும், தோட்டாவும் மிச்சமாகும். அதன் வளைந்த கைப்பிடி உதைப்பில் உள்ளங்கைக்குள் உருளும், அது ஒரு வகையில் சுகம். அதற்காக இறுக்கிப் பிடித்துச் சண்டை போடக் கூடாது. சூப்பர் பிளாக்ஹாக்கில் சில மாடல்களுக்கு டிரிகர் காப்பு பின்பக்கம் சதுரமாக இருக்கும். அது நடுவிரல் மூட்டைத் தட்டியே தீரும். வட்டக் காப்புள்ளதையோ பிஸ்லி என்ற வடிவக் கைப்பிடியையோ கேளுங்கள். டபுள் ஆக்ஷனில் டிரிகரை இழுத்தாலே ஹாமரும் பின்னால் போகும். அதில் பார்க்க வேண்டியது விரல் எட்டுகிறதா என்பது. பேரலும் முன்கையும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிடித்து, சுட்டுவிரலின் நுனிச்சதை டிரிகரின் நடுவில் படுகிறதா பாருங்கள். எட்டாமல் துப்பாக்கியைக் கைக்குள் திருப்பிப் பிடித்தால் உதைப்பு முழுதும் கட்டைவிரல் மூட்டில் இறங்கும். கைப்பிடியின் பின்முதுகு வெற்று எஃகாக இருந்தால், அதையும் மூடும் ரப்பர் கிரிப்பை முதல் நாளே மாற்றிவிடுங்கள். மரக் கிரிப் அழகு, படம் எடுக்கும்போது மாட்டிக்கொள்ளலாம்.

பேரல் முனையில் துளையிட்டவை உதைப்பைக் குறைப்பது உண்மை. கூடவே சத்தத்தைப் பக்கத்தில் நிற்பவர் முகத்தில் வீசும். வெறும் ஈயக் குண்டு சுட்டால் துளையில் ஈயம் அடைக்கும். .44-க்கு இது வேண்டாம், .460-க்கும் .500-க்கும் இல்லாமல் முடியாது.

பயன்படுத்திய துப்பாக்கி வாங்கினால் முதலில் காலி என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்டு, கடைக்காரரிடம் அனுமதி கேட்டுச் சோதியுங்கள். சிலிண்டரை விரலால் லேசாக உரசிப் பிடித்தபடி ஹாமரை மிக மெதுவாக இழுங்கள். ஹாமர் முழுதாக நிற்குமுன் சிலிண்டர் ‘டக்’ என்று பூட்ட வேண்டும். ஆறு அறைக்கும் இதைச் செய்யுங்கள், ஒன்றில் மட்டும் பிந்தினாலும் பேரம் பேசுங்கள் அல்லது விட்டுவிடுங்கள். பிறகு சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். உணரும்படி ஆட்டம் இருக்கக் கூடாது. சிலிண்டருக்கும் பேரலுக்கும் நடுவே உள்ள இடைவெளியில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகடு விட்டால் 0.004-இலிருந்து 0.008 அங்குலம் வரை இருப்பது நல்லது. பேரலின் பின்வாயில் டார்ச் அடித்து விரிசல் தேடுங்கள். சட்டத்தின் மேல்பட்டையில், சிலிண்டர் இடைவெளிக்கு நேர் மேலே, மெல்லிய கோடு அரித்திருந்தால் பயப்பட வேண்டாம். தீ அரித்த கோடு, ஓரளவோடு நின்றுவிடும்.

1973-க்கு முந்தைய மூன்று திருகு ரூகர் சிங்கிள் ஆக்ஷன் கைக்கு வந்தால் கவனம். அவற்றில் ஹாமர், தோட்டாவைக் குத்தும் ஊசி மேல் நேராக உட்காரும். கீழே விழுந்தால் வெடிக்கலாம். ஐந்து தோட்டா மட்டும் போட்டு, ஹாமரைக் காலி அறை மேல் இறக்கி வையுங்கள். ரூகர் நிறுவனமே பாதுகாப்புப் பட்டை பொருத்தி இலவசமாக மாற்றித் தருகிறது.

வாங்கும் தகுதி பற்றி, அமெரிக்காவில் இருக்கும் நம்மவர்கள் பலருக்குத் தெரியாத ஒன்று. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது, 4473 என்ற கூட்டாட்சிப் படிவம், பின்னணிச் சோதனை. இது எல்லாருக்கும் தெரியும். எச்-1பி, எஃப்-1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பதே கூட்டாட்சிச் சட்டப்படி பொதுவாகக் குற்றம். ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுவதும் வைத்திருப்பதுதான். ஏதாவதொரு மாநிலம் கொடுத்த, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருந்தால் விலக்கு உண்டு. நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போய் நிற்குமுன் இதைச் சரி செய்யுங்கள், ஐயம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரைக் கேளுங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை. மாநிலச் சட்டங்கள் வேறு தனியாக இருக்கின்றன.

முதல் நாள். காதுக்குள் அடைப்பான், அதன் மேல் காதுமூடி, இரண்டும் வேண்டும். மேக்னம் ரிவால்வரின் உச்சச் சத்தம் 160 டெசிபலைத் தாண்டும், காதைக் கெடுக்கும் எல்லை 140. பக்கம் மூடிய கண்ணாடி. இரண்டு கட்டைவிரலும் சிலிண்டருக்குப் பின்னால், கீழே மடிந்து இருக்கட்டும். அரைத்தானியங்கிக் கைத்துப்பாக்கி பழகியவர்கள் கட்டைவிரலை முன்னே நீட்டிப் பிடிப்பார்கள். சிலிண்டர் இடைவெளியில் பக்கவாட்டில் சீறும் வாயு தோலைக் கிழிக்கும்; .460, .500-இல் விரல் நுனியையே கொண்டுபோகும்.

புதியவர் கையில் கொடுக்கும்போது ஒரே ஒரு தோட்டா. எத்தனை கெஞ்சினாலும் ஒன்றுதான். உதைப்பில் துப்பாக்கி எழும்பும்போது கை பதறி இறுக, விரல் மறுபடி டிரிகரை இழுத்துவிடும். அந்த நேரத்தில் முனை வானத்தையோ சுடுபவர் தலையையோ பார்த்துக்கொண்டிருக்கும். ஸ்பெஷலில் ஐம்பது, மேக்னத்தில் ஒரு டஜன், முதல் நாளுக்கு அது தாராளம். அதற்கு மேல் போனால் வெடிக்குமுன்பே கண் மூடிக்கொள்ளும் பழக்கம் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிக்கொண்டதா என்று பார்க்க, ஆறு அறையில் இரண்டில் போலித் தோட்டா போட்டு, பார்க்காமல் சுற்றி மூடிச் சுடச் சொல்லுங்கள். போலி வரும் இடத்தில் முனை கீழே குத்தினால் ஸ்பெஷலுக்குத் திரும்புங்கள்.

ஒரு தோட்டா ‘புஸ்’ என்று மெலிதாக வெடித்தால் நிறுத்துங்கள். முனையை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடம் காத்திருந்து, காலி செய்து, பேரலில் குண்டு சிக்கியிருக்கிறதா என்று பின்பக்கமிருந்து பாருங்கள். சிக்கிய குண்டின் மேல் அடுத்ததைச் சுட்டால் பேரல் புடைக்கும் அல்லது வெடிக்கும்.

வெற்றுக் கூடுகளைத் தள்ளும்போது முனை வானத்தைப் பார்க்கட்டும், தள்ளுகோலை ஒரே வேகத்தில் அடியுங்கள். கிடைமட்டமாகத் தள்ளினால் எரியாத மருந்துத் துகள், கூடுகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தட்டின் அடியில் போய் உட்காரும். அப்புறம் சிலிண்டர் இறுகும். துப்பாக்கி கெட்டுவிட்டது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுபவர்கள் உண்டு. பழைய பல் துலக்கி ஒன்று போதும். தம்பித் தோட்டா நிறையச் சுட்டால் இன்னொன்றும் நடக்கும்: குட்டைக் கூட்டின் வாய் முடியும் இடத்தில், அறைக்குள், கரியும் ஈயமும் வளையமாகப் படியும். அதற்கு மேல் மேக்னம் போட்டால் உள்ளே போகக் கஷ்டப்படும், சுட்டபின் வெளியே வர அதைவிடக் கஷ்டப்படும். தட்டி உள்ளே இறக்காதீர்கள். அன்று மாலையே கரைப்பான் விட்டு ஊறவைத்து, .45 அளவு வெண்கலத் தூரிகையை அறைக்குள் விட்டுத் திருகுங்கள். ஈயம் அசையவில்லை என்றால் பாத்திரம் தேய்க்கும் செப்புச் சுருளிலிருந்து சில இழைகளைத் தூரிகையில் சுற்றலாம். சுற்றுமுன் காந்தம் வைத்துப் பாருங்கள், ஒட்டினால் அது செப்புப் பூசிய எஃகு, அறையைக் கீறிவிடும்.